பெயரை எழுதி வைக்கிறவர்கள்

 

நற்பிட்டிமுனையிலிருந்து பேச வந்திருக்கிறேன். நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். வாசிக்கிற ஆசை எத்தனையோ பேருக்கு உண்டு. நூலகத்தில் வேலை செய்தவருக்கு அதோடு இன்னோர் ஆசையும் ஒட்டிக்கொள்ளும். எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, எது இல்லாமல் போயிற்று என்று அறிந்து வைத்திருக்கிற ஆசை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அது விடாது.

இரவல் மேசையில் இருந்தவர்களுக்குத் தெரியும். புத்தகத்தில் ஒட்டியிருக்கிற திகதிச் சீட்டைப் புரட்டினால், அந்தப் புத்தகத்தின் சங்கதி முழுவதும் விளங்கிவிடும். முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருந்தால், பிள்ளைகள் போட்டி போட்டு எடுத்திருக்கிறார்கள். வருசக்கணக்காக ஒரு முத்திரையும் விழாத சீட்டும் உண்டு. அதைக் கண்டால் எனக்கு மனம் பொறுக்காது. வயலுக்குப் போய்விட்டுப் பத்திரிகை பார்க்க வருகிறவர் பக்கத்தில் அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் வைப்பேன். "இதையும் ஒருக்காப் பாருங்க காக்கா" என்பேன். அடுத்த கிழமை அவரே வந்து, "இது மாதிரி இன்னொண்டு இரிக்கா?" என்று கேட்கும்போது வருகிற சந்தோசம் சம்பளத்தில் சேராது.

இந்த வேலையை விதியாகவே எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் கணிதம் படிப்பித்தவர். 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931 இல் அவர் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளை நூலகத்துறையில் படிக்கிறவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். வாசகருக்கு நூலைத் தேடிக் கொடுப்பதைப் போலவே, நூலுக்கும் அதன் வாசகரைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

ஆனால் புத்தகமே இல்லாமல் போனால்? 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தத் தொகையைக் கேட்டு நாம் பெருமூச்சு விடுகிறோம். நூலக ஊழியனுக்கு அது போதாது. அவை எந்தெந்த நூல்கள், யார் எழுதியவை, வேறு பிரதி எங்காவது இருக்கிறதா என்றுதான் அவன் மனம் கேட்கும். பெயர் தெரிந்தால்தானே தேடிப் போகலாம்!

இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே கொடுத்தவர் நூலகர் என். செல்வராஜா. யாழ்ப்பாணத்தில் நூலகராக இருந்து, பிறகு இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்தவர். இலங்கைத் தமிழரின் நூல்களைப் பதிவு செய்யும் அவருடைய 'நூல்தேட்டம்' முதல் தொகுதி 2002 இல் வந்தது. ஒரு தொகுதிக்கு ஆயிரம் நூல்கள். அதில் ஒரு பதிவைப் பொறுமையாகப் பாருங்கள்: தலைப்பு, ஆசிரியர், வெளியிட்டவர், ஊர், ஆண்டு, அச்சிட்ட அச்சகம், பக்கம், விலை, நீள அகலம் சென்றிமீற்றரில். கீழே நாலு வரியில் உள்ளடக்கம். அடிமட்டம் வைத்து ஒவ்வொரு புத்தகத்தையும் அளந்திருக்கிறார். புத்தகத்தின் மேல் அன்பு என்றால் எனக்கு அந்த அடிமட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

நமது கல்முனைப் பக்கத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். சாய்ந்தமருதைச் சேர்ந்தவர், கல்முனை ஸாஹிரா கல்லூரியில் அதிபராக இருந்தவர், எஸ்.எச்.எம். ஜெமீல். இலங்கை முஸ்லிம்கள் எழுதிய நூல்களைத் தேடித் தேடி 'சுவடி ஆற்றுப்படை' என்று பல பாகங்களாகப் பதிந்து தந்தார். அவர் நூலகர் அல்லர், கல்விமான். ஆனாலும் நூலகர்கள் செய்ய வேண்டிய வேலையைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். இந்த மண் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

அந்த வேலை இன்னும் முடியவில்லை. பதியப்படாமலே போனவையும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடல் ஊருக்குள் ஏறியது. உயிர்கள் போன துக்கத்துக்கு முன்னால் புத்தகத்தைப் பற்றிப் பேச அன்றைக்கு யாருக்கும் வாய் வரவில்லை, அதுதான் முறையும்கூட. ஆனால் அந்த வீடுகளின் அலுமாரிகளில் இருந்த கவிதைத் தொகுதிகளும் பாடசாலை மலர்களும் கையெழுத்துச் சஞ்சிகைகளும் அன்றோடு போய்விட்டன. எம்.ஏ. நுஃமான் கல்முனையிலிருந்து நடத்திய 'கவிஞன்' போன்ற மெல்லிய இதழ்கள் வெள்ளம் வராமலே தொலையக் கூடியவை. கறையானும் உப்புக் காற்றுமே போதும். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகம் இப்படிப்பட்டவற்றைப் படம்பிடித்துக் காத்து வருவது பெரிய ஆறுதல். ஆனால் அதை நடத்துகிறவர்களுக்கும், இப்படி ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால்தானே தெரியும்!

அதனால் நேயர்களிடம் எனக்கொரு வேண்டுகோள். உங்கள் வாப்பாவோ மாமாவோ விட்டுப்போன பழைய புத்தகம் வீட்டில் கிடக்கும். பள்ளிவாசல் திறப்பு விழா மலர், கோயில் கும்பாபிசேக மலர், உள்ளூர்ப் புலவர் ஒருவர் சொந்தக் காசில் அடித்த சிறு பிரசுரம், எதுவானாலும் சரி. அட்டை கிழிந்திருந்தால் பரவாயில்லை. பெயர், எழுதியவர், ஆண்டு, பக்கம் இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். உள்பக்கத்தின் அடியில் அச்சகத்தின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும், அதையும் விடாதீர்கள். தாளை உங்கள் ஊர் நூலகத்தில் கொடுங்கள். எங்கள் ஊர்க்காரர் என்னிடமே தரலாம். மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.