ஹார்வர்டை முந்திய மருந்தியல் கல்லூரி



2015-ல் அமெரிக்கக் கல்வித்துறை 'காலேஜ் ஸ்கோர்கார்டு' என்ற புள்ளிவிவரத் தொகுப்பை வெளியிட்டது. அரசு உதவி பெற்றுப் படித்தவர்கள், கல்லூரியில் சேர்ந்து பத்து ஆண்டுகள் கழித்து எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஹார்வர்டுதான் முதலிடம் என்று நினைப்பீர்கள். இல்லை! நியூயார்க் மாநிலத்தில், 1881-ல் தொடங்கிய ஆல்பனி மருந்தியல் கல்லூரி போன்ற சிறிய கல்லூரிகள் அதை முந்தியிருந்தன. அவற்றில் இடைநிலை வருமானம் ஆண்டுக்கு 1,00,000 டாலருக்கு மேல்.

எப்படி? ஹார்வர்டில் இசை படித்தவரும் உண்டு, வரலாறு படித்தவரும் உண்டு. அத்தனை பேரின் சம்பளமும் ஒரே கணக்கில் சேர்கிறது. ஆல்பனியில் பெரும்பாலோர் மருந்தாளுநர்கள். ஆறு ஆண்டுப் படிப்பு. கடைசி ஆண்டு முழுக்க மருத்துவமனையிலும் மருந்துக் கடையிலும் நேரடிப் பயிற்சி. அதன்பின் உரிமத் தேர்வு, தேறியவருக்கு வேலை. அந்தச் சம்பளம் கல்லூரியின் பெயருக்குக் கிடைத்ததல்ல, தொழிலுக்குக் கிடைத்தது. படிக்கும் காலத்தில் ஏறும் கல்விக்கடனோ அந்த வருமானக் கணக்கில் கழிக்கப்படுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

அதனால், பிள்ளையை மருந்தியல் கல்லூரியில் சேர்க்கப் போகும் பெற்றோரே, "இங்கே படித்தால் எவ்வளவு சம்பளம்?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பிரிவில் அந்தச் சம்பளம், உரிமத் தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள், பயிற்சி எந்த மருத்துவமனையில், கடன் எவ்வளவு ஆகும்? இந்த நான்கையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.