பிரதி எங்கே இருக்கிறது?



முகில் கணிமை என்ற சொல் பரவத் தொடங்கிய 2008இல், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை வெறும் விளம்பரக் கூச்சல் என்றார். ஒரக்கிள் நிறுவனத்தின் லாரி எலிசனும் அந்தச் சொல்லைச் சாடினார். பின்னர் அவருடைய நிறுவனமே முகில் சேவை விற்றது. என்னைக் கேட்டால், மாற்றம் உண்மை. பெயர்தான் ஏமாற்றுகிறது.

முன்பெல்லாம் தொழில் தொடங்க சேர்வர் வாங்க வேண்டும், குளிரூட்டிய அறை வேண்டும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் வேண்டும். 2006இல் அமேசான் தன் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. இன்று ரத்தோட்டையில் இருந்தபடியே ஒரு பிள்ளை அத்தகைய கணினியை எடுத்து, வேலை முடிந்ததும் விட்டுவிடலாம். இது சின்ன விஷயமா?

ஆனால் முகில் என்றதும் எல்லாம் வானத்தில் பத்திரமாக இருப்பதாக மனம் நம்பிவிடுகிறது. அது யாரோ ஒருவருடைய கட்டடத்தில் சூடேறி ஓடும் இயந்திரம். 2023இல் நம் இலங்கை அரசாங்க முகிலுக்குள் கப்பம் கேட்கும் தீநிரல் புகுந்தது. ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின. பெக்கப்பும் சேர்ந்தே போனது.

பிரதியின் அருமை நமக்குப் புதிதல்ல. மாத்தளை அலுவிகாரை விகாரையில் ஓலையில் எழுதிக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்தாணியால் கீறும்போது ஒன்றும் தெரியாது. கரிமை தேய்த்துத் துடைத்ததும் எழுத்து எழும்பி வரும். பஞ்சத்திலும் போரிலும் பிக்குகள் இறந்துவிட்டால் மனப்பாடமாக இருந்த பௌத்த மறையான திரிபிடகமும் போய்விடுமே என்று அஞ்சி, கி.மு. முதலாம் நூற்றாண்டில் அங்கேதான் அதை ஓலையில் ஏற்றினார்கள். 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது அங்கிருந்த சுவடிகளில் பெரும்பகுதி அழிந்தது. திரிபிடகம் அழியவில்லை, படிகள் பல நாடுகளில் இருந்தன.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சுமார் 97,000 நூல்களோடு, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. இன்றும் நெஞ்சு ஆறவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவருகிறது.

பட்டம் பெறும் பிள்ளைகளே, வேலையில் சேர்ந்த முதல் வாரமே கேளுங்கள்: பிரதி எங்கே இருக்கிறது, கடைசியாக அதிலிருந்து எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்? பதில் வராவிட்டால், அன்று மாலையே ஒரு கோப்பை எடுத்து மீட்டுப் பாருங்கள்.