பூனைக்கும் ஊசி வேண்டும்



காத்தான்குடி, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வீடும் வீடும் ஒட்டி நிற்கிற ஊர். மீன் வாசத்துக்கு ஒரு பூனை நாலு வீடு போய் வரும். நம்முடைய லயத்திலும் அப்படித்தானே? சோறு எல்லாரும் வைக்கிறோம்; ஊசி போட்டது யார் என்றால் பதில் இல்லை.

விசர் நோய் நாய்க்கு மட்டுமல்ல, பூனைக்கும் வரும். இலங்கையில் 1973 இல் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போடப் போட அந்தத் தொகை வெகுவாகக் குறைந்தது. நோய்க்குறி கண்டபின் காப்பாற்றுவது அரிது; முன்கூட்டியே ஊசி போட்டால் தப்பலாம்.

பூனை பிறாண்டினால், "சின்னக் கீறல்தானே" என்று மஞ்சள் பூசி விடாதீர்கள். சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஊசிக்குக் காசு இல்லை.

பிள்ளைகளை ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்த பிள்ளை கடியை மறைத்துவிடும்.

நாய், பூனை இரண்டுக்கும் வருடம் ஒருமுறை ஊசி போடுங்கள். வளர்க்கிற வாயில்லா ஜீவனுக்கும் அது நல்லது, நம் பிள்ளைகளுக்கும் அதுதான் காவல்.