நான் வெஜிடேரியன்னு சொன்ன கதை

இந்த எபிசோடுல ஒரு பொய்யைப் பத்திப் பேசப் போறேன். சொன்னது நான்தான். நடந்த இடம் ஐஸ்லாந்து, 2017 ஜூலை.

ஐஸ்லாந்தோட வடக்குக் கரையில ஹூசாவிக்னு ஒரு குட்டி ஊர் இருக்கு. ஆர்க்டிக் வட்டம் அங்கிருந்து ரொம்பத் தூரமில்ல. ஊருக்கு முன்னாடி ஒரு அகலமான வளைகுடா, எதிர்க்கரையில ஜூலையிலயும் பனி உருகாத மலைகள். கோடையில இந்தக் குளிர்ந்த தண்ணியில சின்ன மீனும் கிரில்லும் ஏராளமா இருக்கும். அதைச் சாப்பிடத்தான் திமிங்கலங்கள் வருது. பழைய ஓக் மரப் படகுகளைச் சரிபண்ணி, 1990கள்ல இருந்து ஆட்களைக் கூட்டிட்டுப் போறாங்க.

அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நான் தலைநகர் ரெய்க்யாவிக்ல இருந்தேன். ராத்திரி சாப்பிடப் போன இடத்துல மெனுவுல 'மிங்கி'ன்னு போட்டிருந்தது. திமிங்கலத்துல ஒரு வகை. குச்சியில குத்திச் சுட்டுத் தருவாங்க. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ச் சாப்பாட்டை ஒரு கை பார்க்கணும்னு நினைக்கிற ஆளு நான். வாங்கிட்டேன். கருஞ்சிவப்பா, கிட்டத்தட்ட மாட்டுக்கறி மாதிரி இருந்தது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்லயும் போட்டேன். அப்புறம் வடக்கே 480 கிலோமீட்டர் பயணம் பண்ணி, அதே பிராணியை உயிரோட பார்க்கக் காசு கட்டினேன். அப்போ இது எதுவும் எனக்கு உறைக்கவே இல்லைங்கிறதுதான் ஆச்சரியம்.

படகுல ஏறினதும் தலை முதல் கால் வரைக்கும் மூடுற ஒரு கனமான ஓவரால் தருவாங்க. போட்டுக்கிட்டு நடந்தா எல்லாரும் ஒரே மாதிரி மூட்டை. படகோட மூக்கு பன்னிரண்டு மணி, வலது பக்கம் மூணு மணின்னு கைடு பொண்ணு சொல்லிக் கொடுத்தாங்க. முதல் ஒரு மணி நேரம் ஒண்ணுமே இல்ல. காத்து, அலை, வயித்தைப் பிரட்டல். நான் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கிட்டு நின்னேன்.

"பத்து மணி!"ன்னு ஒரு குரல். கேப்டன் இன்ஜினை அணைச்சிட்டாரு. குக்கர் வெயிட்டை சட்டுனு தூக்கின மாதிரி ஒரு சத்தம், தண்ணிக்கு மேல வெள்ளையா ஒரு புகை. ஹம்ப்பேக், கூன்முதுகுத் திமிங்கலம். மூணு நாலு தடவை மூச்சு விட்டுச்சு, முதுகை வளைச்சுச்சு, வாலை மெதுவா மேல தூக்கிட்டு உள்ளே போயிடுச்சு. வாலோட அடிப்பக்கம் இருக்குற கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொண்ணுக்கும் வேறயாம், நம்ம கைரேகை மாதிரி. அதை வெச்சுத்தான் ஆள் அடையாளம் கண்டுபிடிக்கிறாங்க. நாப்பது பேர் இருந்த படகுல பேச்சு மூச்சே இல்ல.

திரும்புற வழியில திடீர்னு அழுகின மீன் நாத்தம். கைடு சிரிச்சுக்கிட்டே, "இது மிங்கியோட மூச்சு"ன்னாங்க. நாத்தம் புடிச்ச மிங்கின்னு அதுக்குப் பட்டப்பேரே இருக்காம். ஒரு கறுத்த முதுகு, அரிவாள் மாதிரி சின்ன துடுப்பு. ரெண்டே செகண்டு. மிங்கி பொதுவா வாலைக் காட்டாது. ஹம்ப்பேக்கைப் பார்த்துட்ட கூட்டம், "ஓ, அவ்வளவுதானா"ன்னு ஹாட் சாக்லேட் வாங்க நகர்ந்திடுச்சு. நான் மட்டும் நகரல.

கைடு அப்போ சாதாரணமா சொன்னாங்க: வணிகத்துக்காகத் திமிங்கலம் பிடிக்கிறதுக்கு 1986ல சர்வதேசத் தடை வந்தது, ஐஸ்லாந்து 2006ல மறுபடி ஆரம்பிச்சது. ஆனா இந்த ஊர்க்காரங்கள்ல திமிங்கலக் கறியை அடிக்கடி சாப்பிடறவங்க ரொம்பக் கம்மி. ரெஸ்டாரண்ட்ல கேட்டு வாங்குறதுல நிறையப் பேர் டூரிஸ்ட்டுங்க. யாரையும் குத்திக்காட்டிச் சொல்லல. ஊர்ச் சாப்பாடுன்னு நான் நெனச்சதே என்னை மாதிரி ஆளுங்களுக்காக அடுப்பேறினதுன்னு அப்பதான் புரிஞ்சது.

பக்கத்துல இருந்த ஜெர்மன் பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க சாப்பிட்டதில்லையே?"ன்னாங்க. நான் ஒரு செகண்டு கூட யோசிக்கல. "நான் இந்தியா, வெஜிடேரியன்"னேன். உடனே நம்பிட்டாங்க! எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை மட்டன் இல்லாம விடிஞ்சதே இல்ல. என் கையைப் புடிச்சு, "நல்ல பழக்கம்"னு வேற சொன்னாங்க.

படகை விட்டு இறங்கினதும் முதல் வேலையா அந்த ஸ்டேட்டஸைத் தேடினேன். இருபத்துநாலு மணி நேரம் தாண்டி அதுவே அழிஞ்சிருந்தது. முப்பத்தோரு பேர் பார்த்திருந்தாங்க, அதை இனி என்ன பண்றது.

மறுநாள் காலையில கெஸ்ட் ஹவுஸ் சாப்பாட்டு மேசைக்குப் போறேன், எதிர்ல அதே பாட்டி. புகை போட்ட சால்மன் தட்டு என் கைக்கு எட்டுற தூரத்துல இருந்தது. அவங்க அதை மெதுவா அந்தப் பக்கம் நகர்த்தி வெச்சிட்டு, ரொட்டியையும் வெள்ளரிக்காயையும் என் பக்கம் தள்ளினாங்க. சாப்பிட்டேன்.