"எனக்கு வராது" என்பதற்கு ஓர் அளவுகோல்



கம்ப்யூட்டரைக் கண்டதும் "அது எனக்கு வராதுங்க" என்று சொல்லுகிறவர்கள் இக்கூட்டத்திலும் அநேகர் இருப்பீர்கள். வராதென்று எப்படித் தெரிந்தது? தொட்டுப் பார்த்தா, பிறர் சொல்லியா? தலையெழுத்தைப் படித்துப் பார்த்தவன் எவனுமில்லை. நம்புகிறவன் மாத்திரம் ஊரெல்லாம் இருக்கிறான். இதுவும் அப்படித்தான்.

ஆல்பர்ட் பந்தூரா என்ற மனோதத்துவ ஆசிரியர் 1977-ல் எழுதியதின் சாரம் என்னவென்றால், ஒரு காரியம் தன்னால் முடியுமென்று ஒருவன் கொள்ளும் எண்ணமே, அவன் அதில் கை வைப்பானா, தடை வந்தால் நிற்பானா ஓடுவானா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பதாகும். இவ்வெண்ணம் திறமையல்ல, தன் திறமையைப் பற்றி அவனவன் வைத்திருக்கும் மதிப்பு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக் கொள்ளாதீர்கள்.

கனடாவில் காம்போ, ஹிக்கின்ஸ் என்ற இருவர் 1995-ல் இதைக் கம்ப்யூட்டர் விஷயத்தில் அளக்க ஒரு முறையை வெளியிட்டார்கள். "உமக்குத் தைரியமுண்டா?" என்று மொட்டையாகக் கேட்கவில்லை. வேலைக்குப் புதிதாக ஒரு சாப்ட்வேர் வந்திருப்பதாக வைத்துக்கொள்ளச் சொல்லிப் பத்து நிலைமைகளைக் கொடுத்தார்கள். பக்கத்தில் சொல்லித்தர ஆளில்லாவிட்டால் முடியுமா? விளக்கப் புஸ்தகம் மட்டுமிருந்தால்? ஒருவர் செய்யக் கண்டிருந்தால்? சிக்கினால் கூப்பிட ஆளிருந்தால்? முடியுமென்றால், எவ்வளவு உறுதியென்று 1 முதல் 10 வரை ஓர் எண். முடியாதென்றால் பூஜ்யம். கூட்டினால் 100-க்கு இவ்வளவு என்று வந்துவிடும்.

சுமார் 1000 உத்தியோகஸ்தர்களை விசாரித்ததில், பிறர் ஊக்கப்படுத்திய இடத்திலும், பிறர் செய்வதைக் கண்ட இடத்திலும் நம்பிக்கை உயர்ந்திருந்தது. ஆனால் உதவி தாராளமாகக் கிடைக்கிறதென்று சொன்னவர்களிடத்தில் குறைந்திருந்தது! விசாரித்தவர்களே இதை எதிர்பார்க்கவில்லை. நம்பிக்கையற்றவன்தான் உதவியைத் தேடுகிறான் என்று நீங்கள் வாதிக்கலாம், இருக்கட்டும். எனக்கோ புரோகிதர் ஞாபகந்தான் வருகிறது. அவரே மந்திரம் சொல்லி, அவரே முடித்து, தட்சணையோடு போய்விடுகிறார். நாற்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நமக்கு ஓர் எழுத்து வந்ததுண்டா? "நகருங்கள்" என்று சொல்லித் தானே தட்டி முடித்துவிட்டுப் போகும் பையனும் அந்த வேலையைத்தான் செய்கிறான்.

இன்னொரு ஆபத்துமுண்டு. 100-க்கு 20 சொன்னவரை லாயக்கற்றவரென்று தள்ளினால், அளவுகோல் ஜாதகமாகிவிடும். அந்த 20, அவர் கையில் இதுவரை எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லுகிறது. மூன்று மாதம் கொடுத்துப் பழகவிட்டு மறுபடி கேட்கட்டும்.

அதோ மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் முதலில் தாய்மார்கள் வந்து உட்காரலாம். பையன்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும்.