பதக்கத்துக்கு ஒரு மில்லியன், திடலுக்கு?

ஒலிம்பிக்கில் தங்கம் வென்றால் நம் மலேசிய வீரருக்கு அரசாங்கப் பரிசு 10 லட்சம் வெள்ளி, மாதம் 5,000 வெள்ளி ஓய்வூதியம் வேறு. கொடுக்கட்டும், தப்பில்லை.

ஆனால் 1980-இல் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற நம் கால்பந்துக் குழு? நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ எனப் பெயர் வாங்கிய ஆறுமுகம்தான் கோல் காவலர். அந்த ஒலிம்பிக்கை நம் நாடு புறக்கணித்ததால் அவர்கள் போகவே இல்லை, பதக்கமும் இல்லை. இன்றும் பெரியவர்கள் பேசுவது அந்த ஆட்டத்தைத்தான்!

உலு யாம் பக்கத் தோட்டங்களில் காலையில் பால்மரம் வெட்டி, சாயங்காலம் வெறுங்காலோடு பந்து உதைத்தவர்கள் எந்தப் பதக்கத்தைக் கண்டார்கள்? இப்போதோ, குழுவுக்குத் தேர்வான பிள்ளைக்குத்தான் பந்து. மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே. அந்த மில்லியனில் கொஞ்சம் எடுத்துத் தோட்டத்துத் திடலில் புல் வெட்டி, கோல் கம்பத்துக்கு வலை கட்டலாமே.