பக்கத்தில் நிற்பது எந்த மரம்?



ஜெர்மனியின் பவேரியாவில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரமும், பீச் என்ற அகன்ற இலை மரமும் கலந்து வளரும் காடுகள் உண்டு. அந்த மாநிலத்தில் 1870-களிலேயே சோதனைத் திடல்கள் அமைத்து மரங்களை அளக்கத் தொடங்கிவிட்டார்கள். அளந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக மாறினார்கள், அளப்பது நிற்கவில்லை. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அப்படி அளப்பது எந்தக் கேள்விக்கு உதவும் என்று பார்ப்போம். பயிர் நெருக்கமாக முளைத்தால் கலைத்து விடுகிறோம் அல்லவா? காட்டிலும் அப்படித்தான். சில மரங்களை வெட்டி எடுத்தால், நிற்கும் மரங்களுக்கு வெளிச்சமும் தண்ணீரும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் எந்த மரம் எதை எவ்வளவு நெருக்குகிறது என்று எப்படிச் சொல்வது?

1974-இல் ஹெகி என்பவர் எளிய கணக்கு ஒன்றைத் தந்தார். நம் மரத்தின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 4 மீட்டர் தள்ளி 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரம் நிற்கிறது. 40-ஐ 20-ஆல் வகுத்தால் 2. அதைத் தூரமான 4-ஆல் வகுத்தால் 0.5. இன்னொரு பக்கம், 2 மீட்டரிலேயே 10 சென்டிமீட்டர் மரம் ஒன்று. அதன் பங்கு 0.25தான். கிட்டத்தில் நிற்கும் சின்ன மரத்தைவிட, தள்ளி நிற்கும் பெரிய மரமே இங்கே அதிகம் நெருக்குகிறது. பெரியதை வெட்டினால் மொத்த நெருக்கடி 0.75-லிருந்து 0.25-ஆக இறங்கிவிடும்.

அழகான கணக்கு. ஆனால் பக்கத்தில் நிற்பது பீச்சா, ஸ்ப்ரூஸா என்று அதற்குத் தெரியாது. கலப்புக் காட்டில் அது பெரிய குறை. ஸ்ப்ரூஸின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணில் பரவும். பீச்சின் வேர் அதைவிட ஆழம் போகும். வசந்தத் தொடக்கத்தில் பீச் இலையின்றி நிற்க, என்றும் பசுமையான ஸ்ப்ரூஸ் அந்த வெளிச்சத்தை அனுபவிக்கும். அதனால் ஸ்ப்ரூஸுக்கு, அதே பருமனுள்ள இன்னொரு ஸ்ப்ரூஸைவிட பீச் நல்ல அண்டையாக அமையலாம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் இனத்தையும் கிளைக்குடையின் அளவையும் கணக்கில் சேர்த்தது இதனால்தான்.

வெட்டிய பிறகு கிடைத்த பலனை அறிய, உள்ளீடற்ற துளைக்கருவியால் தண்டிலிருந்து மெல்லிய மரக்கோல் ஒன்றை எடுத்து ஆண்டு வளையங்களைப் பார்ப்பார்கள். வளையம் உடனே அகலமாகிவிடாது. புது இலையும் வேரும் விட மரத்துக்கு ஓரிரு ஆண்டுகள் பிடிக்கலாம். நல்ல மழை பெய்த ஆண்டிலும் வளையம் அகலமாகத்தான் இருக்கும். ஆகவே பக்கத்திலேயே, கோடரி படாத ஒரு திடல் கட்டாயம் வேண்டும். அது இல்லாத சோதனையை நான் நம்பமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. இடைவெளி கிடைத்த மரம் காற்றில் அதிகம் ஆடும். அதைத் தாங்க அடித்தண்டில் கூடுதலாகப் பருக்கும். வழக்கப்படி 1.3 மீட்டர் உயரத்தில் மட்டும் அளந்தால், மரம் முழுவதும் அதே வேகத்தில் பருத்ததாகத் தோன்றும். எனவே சில மரங்களிலாவது மேல்தண்டிலும் விட்டம் எடுத்தாக வேண்டும்.